துண்டுக்குள் ஒரு கை

மூன்று நாளாகக் காய் பொறுக்கும் பெண்கள் வேலைக்கு வரவில்லை. ஐம்பத்து மூன்றாம் வருஷம். போடிமெட்டிலிருந்து இறங்கிய ஏலக்காய் மூட்டைகள் என் கடையில் அப்படியே கிடந்தன. வெள்ளிக்கிழமை லோடு போகாவிட்டால், எதிர்க்கடை சௌந்தரபாண்டியன் என் வாடிக்கையைக் கொத்திக்கொண்டு போவான்.

"பொம்பளைகளக் கூப்பிட்டு வட்டமா உக்கார வைங்க. மனசுல இருக்கதப் பேசட்டும்" என்றாள் என் மனைவி ஜெயபாக்கியம்.

"பேச விட்டா தலையில ஏறுவாளுக."

"பேசாமத்தான் மூணு நாளாச்சு."

சரி என்றேன். ஆனால் நான் ஏல வியாபாரி. துண்டால் கையை மூடி, விரலைப் பிடித்தே விலை பேசுவோம். முழுக் கையையும் பிடித்தால் பேரம் முடிந்தது. பிறகு பேச்சு மாறுகிறவனை ஊரில் ஒருத்தனும் மதிக்கமாட்டான்.

கடையாள் தவசியிடம் மெதுவாகச் சொன்னேன். "பக்கத்துல உக்காரு. துண்டுக்குள்ள ஒரு விரல அமுக்கினா, மறுத்துப் பேசு."

வட்டமாகத் தரையில் உட்கார்ந்தோம். என் முட்டிக்குச் சம்மதமில்லை. ஜெயபாக்கியம் காப்பி கொண்டுவந்தாள். அப்புறம்தான் முத்துப்பேச்சி தொண்டையைச் செருமினாள்.

"சன்னலத் தெறந்து விடுங்க மொதலாளி. இருட்டுல பொறுக்கிக் கண்ணு எரியுது."

கூலி கேட்பாள் என்றிருந்தேன். சன்னலா? சரக்கை சௌந்தரபாண்டியன் பார்க்கக்கூடாதென்று நானே ஆணியடித்தது.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவ சொன்னோம். துண்ட ஒதறிட்டுப் போயிட்டீக" என்றாள் சோலையம்மாள். ஒரே சிரிப்பு.

பக்கம் திரும்பாமலே துண்டுக்குள் ஒரு விரலை அமுக்கினேன். தவசி பேசவில்லை. மறுபடி அமுக்கினேன். ம்ஹூம். எரிச்சலில் முழுக் கையையும் பிடித்து நெரித்தேன்.

வளையல் உடைந்தது.

திரும்பினால், தவசி பின்னால் நின்று காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். "அம்மாதான் ஊத்தச் சொன்னாக."

பக்கத்தில் ஜெயபாக்கியம். தவசியிடம் நான் சொன்னதெல்லாம் அடுப்படிக்குக் கேட்டிருக்கிறது.

"முழுக் கையும் புடிச்சாச்சு. பேரம் முடிஞ்சது. தவசி, சன்னல் ஆணியப் புடுங்கணும், வெரசா சுத்தியலக் கொண்டா" என்றாள்.

ஏலம் தெரிந்தவன் நான். ஏலாது என்று சொல்ல ஏலவில்லை.

வெள்ளி காலையிலேயே லோடு போனது. வெளிச்சத்தில் ஒரு சொத்தைக் காய்கூடத் தப்பவில்லை. சௌந்தரபாண்டியன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "இம்புட்டு நல்ல காயவா மூடி வச்சிருந்தீரு?"

இப்போது திங்கள்தோறும் வட்டம். போன வாரம் என் முட்டியைப் பற்றி நானும் பேசினேன். உட்கார மணை வந்துவிட்டது.

துண்டு மட்டும் தோளில் இல்லை. அதைப் பிடித்துத்தான் காப்பிச் சட்டியை இறக்குகிறாள் ஜெயபாக்கியம்.