முகம் சிவந்ததற்கு மாத்திரையே காரணம் என்பது பற்றி

ஜவ்வாது மலை,
14-8-1982, சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அருணகிரி அவர்கள் சமூகத்துக்கு, கால்நடை மருந்தகக் கம்பவுண்டர் கோபால்சாமி பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே மழை சுகம், மாடுகள் சுகம், என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா சாந்தம்மாள் அவர்களும், மாப்பிள்ளையும், என் மகள் ஜெயம்மாளும், பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

தாங்கள் பத்தாம் தேதி எழுதிய இன்லண்டு லெட்டர் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன். "ஐம்பத்தாறு வயதில் கம்பவுண்டருக்கு மலையில் பெண் நிச்சயமாகிவிட்டதாம் என்று போளூர் பஸ் ஸ்டாண்டில் சிரிக்கிறார்கள். தக்க விளக்கம் வரும்வரை ஆவணி பத்தாம் தேதி காதுகுத்துக்கு வர வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தி, தாயை இழந்த ஜெயம்மாளுக்குக் கூடப்பிறந்தவனும் கிடையாது. தாய்மாமன் இல்லாத குழந்தைக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று போன தை மாதம் தாங்களே சொன்னீர்கள். அன்றிலிருந்து ஏழு மாதமாக இந்த மடியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி, தேதியோடும் நேரத்தோடும் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

முதலில் ஒன்று. இவ்வளவுக்கும் காரணம் தாங்கள் வாங்கிக் கொடுத்த மாத்திரை. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஜூன் மாதம் போளூர் வந்திருந்தபோது தங்கள் வீட்டு மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கியது. தாங்களே என்னை வேலூருக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினீர்கள். ரத்தத்தில் கொழுப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு என்றார். அந்த எண்ணைக் கேட்டு எனக்கு முன்னால் தாங்கள்தான் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கொழுப்பைக் குறைக்க ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று. "ஆரம்பத்துல உடம்பு கொஞ்சம் சூடா இருக்கும், பயப்படாதீங்க. போட்ட உடனே சுடச்சுட எதையும் குடிக்காதீங்க" என்றும் சொன்னார். தாங்கள் இருநூறு மாத்திரை வாங்கிக் கொடுத்து மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள்.

ஜூலை ஒன்றாம் தேதி தொடங்கினேன். காலை மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. மதியம் ஒன்று நாற்பதுக்குச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதைப் போட்டேன். சரியாக இரண்டு மணிக்கு, இருபது நிமிடத்தில், கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது வழியாக உச்சந்தலைக்குப் போனது. கண்ணாடியில் பார்த்தால் முகம், கழுத்து, மார்பு எல்லாம் பழுத்த மிளகாய். பிறகு உடம்பெல்லாம் கட்டெறும்பு ஊர்கிற மாதிரி ஒரு அரிப்பு. மருந்தக உதவியாள் கண்ணாயிரம் ஓடி வந்து, "சார், தேளு கீளு கட்ச்சிட்ச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாட்டுத் தண்ணீரை ஒரு வாளி எடுத்து என் தலையில் ஊற்றினான். அரிப்பு போகட்டும் என்று மாடுகளுக்குப் போடுகிற வெள்ளைப் பவுடரைப் பூசிக்கொண்டேன். சிவப்பு முகத்தில் வெள்ளைப் பவுடரோடு வெளியே வந்தபோது சினைப்பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கவே மூன்றே கால் ஆகிவிட்டது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முகம் சிவக்கும், எரியும், அரிக்கும், போகப் போகக் குறையும் என்று போட்டிருந்தது. எனக்குப் போகப் போகவும் குறையவில்லை.

இப்போது மாதம்மாளுக்கு வருகிறேன். இவர்தான் தங்கள் கடிதத்தில் கண்ட 'மலையில் பெண்'. வயது நாற்பத்தெட்டு. கணவர் இறந்து ஆறு வருடம். மேட்டு நிலத்தில் சாமை போடுகிறார், பதினோரு புளியமரம் இருக்கிறது, பிள்ளை இல்லை. அவருடைய கறவை மாட்டுக்கு வலது முன்குளம்பில் புண். தினமும் கழுவி மருந்து வைத்துக் கட்ட வேண்டிய புண். காலையில் மேய்ச்சல், ஆகவே மாட்டை ஓட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வருகிற நேரம் மதியம் இரண்டு. கவனியுங்கள் சம்பந்தி, இரண்டு மணி. அவர் எப்போது வந்தாலும் என் முகம் மிளகாய்ப் பழம். முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் கேட்டுவிட்டார்.

"இன்னா டாக்டரே, என்னைக் கண்டா மட்டும் மூஞ்சி இப்டி ஆவுது?"

"மாத்திரைம்மா. கொழுப்புக்குக் கொடுத்த மாத்திரை."

"மாட்டுக்குத்தானே மாத்திரை குடுப்பீங்க. ஒங்களுக்கு யார் குடுத்தது?"

"எங்க சம்பந்தி."

"நல்ல சம்பந்திதான்" என்று சிரித்துவிட்டு மாட்டின் காலைத் தூக்கிப் பிடித்தார். ஆக, தங்கள் பெயர் அப்போதே இங்கே பிரசித்தம்.

இது சரிப்படாது என்று மாத்திரை நேரத்தை மூன்று மணிக்கு மாற்றினேன். அன்று மழை பிடித்துக்கொண்டது, அவர் மூன்று இருபதுக்கு வந்தார். பன்னிரண்டுக்கு மாற்றினேன். அன்று வெறும் வயிறு, சிவப்பு இரண்டு மணி வரை இறங்கவே இல்லை. திரும்பவும் பழைய நேரத்துக்கே வந்துவிட்டேன். அதே முகத்தை வனக்காவலர் லட்சுமணனும் ஆறு முறை பார்த்தார். அவரை வைத்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் எவ்வளவு ஓரவஞ்சனையாக நடக்கிறது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

ஆகஸ்டு ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று ஐம்பத்தைந்து. ஊர்க்கவுண்டர் சடையன் நான்கு பெரியவர்களோடு மருந்தகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். கோமாரித் தடுப்பூசி விஷயம் என்று நினைத்து ரிஜிஸ்டரை எடுத்தேன். "அத்த மூடி வையுங்க" என்றார் சடையன். இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டாம், அன்றுதான் எனக்குத் தெரியும். தனியாக இருக்கிற பெண்ணின் மேல் ஒரு ஆணுக்கு நினைப்பு இருக்கிறதா என்று அறிய, பெரியவர்கள் அவனை ஊர் நடுவில் வைத்து மூன்று முறை கேட்பார்கள். பதிலை வாயிலிருந்து எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"தோ பாருங்க டாக்டரே, ஆம்பள வாய நாங்க நம்பறதில்ல. எங்க தாத்தன் காலத்துலயே அது பொய்யின்னு தெரிஞ்சிபோச்சி. மூஞ்சியத்தான் பாப்பம். மொதல்ல இத்தக் குடிங்க" என்று ஒரு சொம்பு சாமைக் கஞ்சியை நீட்டினார். ஆவி பறந்தது. மறுத்தால் மரியாதை இல்லை. டாக்டர் சொன்னது சொம்பு காலியான பிறகுதான் ஞாபகம் வந்தது. மணி ஒன்று ஐம்பத்தொன்பது.

"மாதம்மா மேல நெனப்பு கீதா?" என்று ஒரு முறை கேட்டார். கழுத்தில் சூடு கிளம்பியது. இரண்டாம் முறை கேட்டார். காது கொதித்தது. "ஐயா, இது மாத்திரை" என்று சொல்ல வாயெடுத்தேன், பெரியவர்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டி வாயை மூடச் சொன்னார்கள். மூன்றாம் முறை கேட்டபோது எறும்புகள் அத்தனையும் புறப்பட்டுவிட்டன. சட்டைக்குள் கையை விட்டேன், முதுகைச் சுவரில் தேய்த்தேன், குதித்தேன், பொறுக்க முடியாமல் ஓடிப்போய் மாட்டுத் தொட்டியில் தலையை முக்கினேன். "பாவம், மனுசனுக்கு சந்தோசம் தாங்கல" என்று ஒரு கிழவி சொன்னது தண்ணீருக்குள்ளேயே கேட்டது. நான் தலையைத் தூக்குவதற்குள் குலவை போட்டுவிட்டார்கள். மூன்றரை மணி போளூர் பஸ்ஸின் கண்டக்டர் அந்தக் குலவையைக் கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினார். மீதி தங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையே மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாதம்மாள் வீட்டுக்கு மேடேறிப் போனேன். அந்தத் தாளை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். புளி அடித்துக்கொண்டே கேட்டார்.

"செரி டாக்டரே. மாத்திரதான்னா அத்த நிறுத்துங்க. நிறுத்திட்டு வந்து ஊர் முன்னால குந்துங்க. மூஞ்சியப் பாப்பம்."

நியாயமான பேச்சு. அன்றே நிறுத்திவிட்டேன், வேலூர் டாக்டருக்கும் கார்டு போட்டுவிட்டேன். நூற்றுப் பதினொன்று சாப்பிட்டது போக மீதி எண்பத்தொன்பது மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கண்ணாயிரத்திடம் கொடுத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை, பதினாறாம் தேதி, பகல் இரண்டு மணிக்கு ஊர் முன்னால் உட்காரப்போகிறேன். கஞ்சி கிடையாது, பச்சைத் தண்ணீர் மட்டும். என் முகத்தின் நிறத்தை வனக்காவலர் லட்சுமணன் ஒவ்வொரு கேள்விக்கும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள் கைக்கு வந்ததும் இக்கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். அதைப் பார்த்த பிறகாவது ஒரு மாத்திரையின் குற்றத்துக்காக ஒரு மனிதனைக் காதுகுத்திலிருந்து தள்ளி வைப்பது முறையல்ல என்பதைத் தாங்கள் உணர்வீர்கள். ஜெயம்மாளிடம், அப்பாவின் மேல் ஒரு தவறும் இல்லை என்று சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் ஆசி. சம்பந்தியம்மாவுக்கு நமஸ்காரம். பேத்திக்கு இரண்டு காதுக்கும் இரண்டு முத்தம்.

தங்கள் நன்மையை என்றும் நாடும்,
கோபால்சாமி

பின்குறிப்பு (17-8-1982, ஆவணி ஒன்று): லட்சுமணன் எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு "சாதாரணம்", இரண்டாவது கேள்விக்கும் "சாதாரணம்" என்று எழுதியிருப்பதைத் தாங்கள் தவறாமல் பார்க்க வேண்டும். மூன்றாவதைச் சடையன் கேட்பதற்குள், பின்னால் நின்றிருந்த மாதம்மாள் முன்னால் வந்துவிட்டார். "ஊர்க்கவுண்டரே, நீங்க குந்துங்க, நான் கேக்கறேன்" என்றார். "டாக்டரே, மாட்டுக்குப் புண்ணு ஆறி இருவது நாளு மேல ஆச்சி. ஆறின குளம்புக்கு நீங்களும் தெனம் மருந்து வெச்சிக் கட்டினீங்க. நானும் தெனம் ஓட்டியாந்தேன். நம்ம ரெண்டு பேர்ல இது யாருக்குத் தெரியாது?" லட்சுமணன் அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை, பேனாவை மூடிவிட்டார். பத்து நாளாக மாத்திரை கிடையாது, கஞ்சி கிடையாது, ஆனாலும் கழுத்திலிருந்து சூடு கிளம்பியது. அரிப்பு மட்டும் இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அதுதான் ஒரே வித்தியாசம். மேலே எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை, ஆவணி ஆறு, காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். மேட்டு வீட்டுக்குத் தினமும் ஏறி இறங்குகிறேன், மூச்சு வாங்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மா கல்யாணப் பெண்ணுக்கு அரக்குப் புடவை எடுத்து வைத்துவிட்டதாகவும், ஜெயம்மாள் ரவிக்கை அளவு கேட்டதாகவும், வீட்டில் தாங்கள் ஒருவர்தான் கோபமாக இருப்பதாகவும் கண்டக்டர் சொன்னார். காதுகுத்துக்கு என் மடி கட்டாயம் வரும், பக்கத்தில் மாதம்மாளும் வருவார், ஒரு பலகை கூடுதலாகப் போடவும். மீதி எண்பத்தொன்பது மாத்திரையைக் கண்டக்டரிடமே கொடுத்தனுப்புகிறேன். விழுங்க வேண்டாம், சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். கல்யாணத்தில் தங்கள் முகம் கோபத்தில் சிவப்பதை யாராவது பார்த்துவிட்டால், எடுத்துக் காட்டிவிடலாம்.