ஜேர்மன் பேராசிரியரும் பஞ்சலிங்கம் அண்ணையும்

"வாயைத் திறவும். இன்னும் ஒரு மிடறு."

சுபாஜினி கொதிக்கக் கொதிக்க மல்லிக்கோப்பியை ஜஸ்ரினின் வாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். மணி ஒன்று ஐம்பது. நான்கு மணிக்குள் ஒலிப்பதிவு முடிந்து ஜேர்மனிக்குப் போய்ச் சேரவேண்டும். பேசவேண்டிய ஜஸ்ரினோ, முதல்நாள் குருநகரில் நடந்த உதைபந்தாட்டப் போட்டிக்கு மைக் பிடித்து வர்ணனை செய்து, தொண்டையை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"இப்ப கதையும் பாப்பம்."

ஜஸ்ரின் வாயைத் திறந்தான். சைக்கிள் ரயரிலிருந்து காற்றுப் போகிற சத்தம் வந்தது.

"எவ்வளவு மிளகு போட்டனீங்கள் அக்கா?" என்று தர்சிகா கேட்டாள். கம்பஸில் படிக்கிற பெண். கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவள்.

"ஒரு கைப்பிடி."

"அப்ப கொஞ்சநஞ்சம் இருந்ததும் போச்சுது."

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சோமசேகரம் என்பவரின் வீட்டு மேல்மாடி அறைதான் சுபாஜினியின் ஒலிப்பதிவுக்கூடம். ஜேர்மனியில் இருக்கும் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று, அந்த நாட்டுச் சரித்திர நாடகமொன்றைத் தமிழில் போட விரும்பியது. பத்துப் பாகம். முதற் பாகத்தை மட்டும் மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். சென்னையிலும் ஒரு நிறுவனம் அதையே செய்துகொண்டிருந்தது. யாருடையது நன்றாக இருக்கிறதோ அவர்களுக்குத்தான் மிச்ச ஒன்பதும். கிடைக்காவிட்டால் நாளை முதல் சுபாஜினிக்கு மாமாவின் காப்புறுதிக் கந்தோரில் கணக்கெழுத ஒரு கதிரை காத்திருந்தது. அந்தக் கதிரையை நினைத்தாலே அவளுக்கு முதுகு நொந்தது.

கதை இதுதான். நூறு வருடத்துக்கு முந்திய ஜேர்மனி. பூ வேலை, சித்திர வேலையெல்லாம் வீண் என்று ஒதுக்கிவிட்டு, தட்டைக் கூரையும் கண்ணாடிச் சுவருமாகக் கட்டிடம் கட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கலைப்பள்ளி. அங்கே கட்டிடக்கலை படிக்க வருகிறாள் ஒரு பெண். 'பெண்களுக்கு நெசவு போதும்' என்று தறிக்கு முன்னால் உட்காரவைத்துவிடுகிறார்கள். அவளுக்குத் துணிவு சொல்கிறவர் ஒரு வயதான பேராசிரியர். அவருடைய வசனமெல்லாம் அவளோடுதான். இனி அந்தப் பேராசிரியருக்கு ஜஸ்ரினுக்குப் பதிலாக ஒரு குரல் வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் வேண்டும்.

"பஞ்சலிங்கம் அண்ணையைக் கூப்பிடுவமே?" என்றாள் தர்சிகா.

"மரண அறிவித்தல் வாசிக்கிறவரையோ?"

"குரல் நல்ல கணீரெண்டு இருக்கும் அக்கா."

இருந்தது. இருபத்தாறு வருடமாக வானொலியில் இருந்தது. காலையில் அந்தக் குரலைக் கேட்டு, 'இண்டைக்கு எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை' என்று நிம்மதியாகப் புட்டைப் பிசைகிற வீடுகள் குடாநாட்டில் ஆயிரம்.

பஞ்சலிங்கம் இருபது நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். திரையில் ஓடிய படத்தைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உந்த வளைச்ச கம்பிக் கதிரை எங்கடை சலூனிலையும் கிடக்கு, பிள்ளை. இதைப் பழகவோ பள்ளிக்கூடம்?"

"அதைக் கண்டுபிடிச்சதே அவங்கள்தான் அண்ணை. மினக்கெடாமல் வாசியுங்கோ."

பஞ்சலிங்கம் தொண்டையைச் செருமினார். வாசித்தார்.

"மகளே. பழைய உலகம்... முடிந்துவிட்டது. இனி நாம்... புதிதாகக் கட்டுவோம்."

தர்சிகா தன்னையறியாமல் எழுந்து நின்றாள். ஜஸ்ரின் தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணை, அவர் சந்தோசமாய்ச் சொல்லுறார்," என்றாள் சுபாஜினி. "புது உலகம் வரப்போகுது எண்ட சந்தோசம்."

"அப்ப சிரிச்சுக்கொண்டு வாசிக்கிறன்."

சிரித்துக்கொண்டு வாசித்தார். அது இன்னும் மோசம். செத்தவருடைய காணி தன் பெயரில் எழுதியிருப்பதை அறிந்தவர் வாசிப்பதுபோல இருந்தது.

"பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கிறமாதிரி வாசியுங்கோவன்."

வாசித்தார். பழக்கதோஷம் விடவில்லை. வசன முடிவில் நாக்குத் தானாக ஓடியது: "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும் வண்ணம்..."

"அண்ணை."

"மன்னிக்கவேணும் பிள்ளை. அது என்னைக் கேளாமல் வருது."

மணி இரண்டே முக்கால். ஏசியைப் போட்டால் இரைச்சல் பதிவாகும். போடாவிட்டால் பஞ்சலிங்கத்தின் வேர்வை தாளில் சொட்டி எழுத்து அழிந்தது. சுபாஜினி யோசிக்காமல் ஒரு வேலை செய்தாள். தெருவொழுங்கைப் பக்கத்து யன்னல் இரண்டையும் அகலத் திறந்துவிட்டாள்.

காற்று உள்ளே வந்தது. பஞ்சலிங்கத்தின் குரல் வெளியே போனது.

பத்து நிமிடம் செல்லத் தர்சிகா யன்னலால் எட்டிப் பார்த்தாள். "அக்கா, கீழை சனம் நிக்குது."

முற்றத்தில் இருபது பேர். பெண்கள் ஒருபுறம், ஆண்கள் ஒருபுறம். அந்தக் குரல் ஒரு வீட்டிலிருந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் வயது போனவர் வீட்டுக்காரர் சோமசேகரம் ஒருவர்தான். அவருடைய சைக்கிளையும் காணவில்லை. ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் பிளாஸ்ரிக் கதிரைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

சுபாஜினி படியிறங்கி ஓடினாள். "ஒருத்தரும் சாகேல்லை. இது நாடகம். போங்கோ."

முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அற்புதராணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஓம் பிள்ளை, இந்த உலகமே நாடகம்தான். மனசைத் தேற்றிக்கொள்."

கட்டிப்பிடித்த கையோடு ஒப்பாரிக் குரல் எடுத்தாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சுபாஜினி ஒருவாறு பிடியிலிருந்து நழுவி மேலே வந்தபோது, பஞ்சலிங்கம் கடைசிக் காட்சியை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். தர்சிகா கீழேயிருந்து வந்த அழுகையைக் கேட்டுத் தானும் விம்மி விம்மி வசனம் பேசிக்கொண்டிருந்தாள். மைக் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சோமசேகரம் சந்தையிலிருந்து வந்தார். சைக்கிள் கரியரில் கத்தரிக்காய். தன் படலையில் நின்ற கூட்டத்தைக் கண்டு முன்னால் நின்றவரின் தோளைத் தட்டினார்.

"ஆர் மோசம் போனது?"

"வீட்டுக்காரர் சோமசேகரம்," என்றார் அவர் திரும்பிப் பாராமல். "கொஞ்சம் சிடுமூஞ்சிதான். எண்டாலும் நல்ல மனுசன்."

அடுத்த ஐந்து நிமிடம் ஒழுங்கையில் நடந்ததை எழுத இடம் போதாது. இரண்டு பேர் ஓடினார்கள். அற்புதராணி மயங்கினாள். சோமசேகரம் கோபிப்பார் என்று சுபாஜினி நடுங்கினாள். அவரோ கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் செத்தவீட்டுக்கு வந்த கதிரைகளில் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்து, வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"குகதாசன் வரேல்லையோ?"

"இல்லை ஐயா."

"அவன்ரை தகப்பன்ரை செத்தவீட்டிலை நான் மூண்டு நாள் நிண்டனான். இருக்கட்டும்."

மணி மூன்று ஐம்பத்திரண்டு. திரும்பப் பதிவுசெய்ய நேரமில்லை. குரலைத் திருத்த வழியில்லை. பின்னால் கேட்ட ஒப்பாரியை வெட்டினால் பேராசிரியரும் சேர்ந்து வெட்டுப்பட்டார். சுபாஜினி கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் பொத்தானை அமத்தினாள். பிறகு மாமாவுக்கு, 'நாளைக்கு வாறன்' என்று ஒரு செய்தி எழுதி, அனுப்ப மனமில்லாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாலைதான் பிள்ளை," என்றார் பஞ்சலிங்கம். சாதாரணமாகச் சொன்னார். அதுவும் அறிவித்தலாகத்தான் கேட்டது.

ஐந்தரைக்கு அழைப்பு வந்தது. தொலைக்காட்சிக்காரி நிவேதனா. சுபாஜினி எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். தனியே கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

"அக்கா, எனக்குத் தெரியும்," என்று அவளே முந்திக்கொண்டாள். "ஒரு நாள் தவணை தந்தால் குரலை மாத்தித் தாறன். பின்னாலை கேக்கிற அழுகையையும் எடுத்துவிடுறன்."

"மாத்தினால் ஒப்பந்தம் இல்லை," என்றாள் நிவேதனா. "சென்னைக்காரர் அனுப்பினதிலை அந்தப் பேராசிரியர் கலியாண வீட்டுக்கு வந்தமாதிரிக் கதைக்கிறார். மிச்ச ஒன்பதும் உங்களுக்குத்தான். ஒண்டே ஒண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும்."

"என்ன அக்கா?"

"அந்தப் பேராசிரியர் முதற் காட்சிக்கு முன்னமே செத்துப்போனவர், அந்தப் பெட்டையின்ரை கண்ணுக்கு மட்டும்தான் தெரியிறவர் எண்டதைப் பத்தாம் பாகம் வரைக்கும் ஒளிச்சு வைச்சிருக்கிறம், உங்கடை குரல்காரருக்கு அதை ஆர் சொன்னது?"