திருஷ்டி குடிக்கும் பூ

முடிச்சூரில் ஒரு காலனி. நாற்பது வீடு. வாசலுக்கு வாசல் ஒரு தொட்டி, தொட்டியில் 'திருஷ்டிக் கமலம்'. விலை ஐயாயிரம்தான்! காலையில் பால்வெள்ளையாகப் பூக்கும், மதியம் இளஞ்சிவப்பு, மாலையில் ரத்தச் சிவப்பு. வீட்டின் மேல் விழுந்த கண்ணேறை எல்லாம் அது குடித்துவிட்டதாம். படித்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். வெள்ளத்துக்கு வடிகால் கேட்க ஒருநாளும் சேராத கூட்டம், இதற்குக் கூடியது.

கொண்டுவந்தவர் செடிச்சித்தர் ஹரிபிரசாத். போன வருஷம்வரை பல்லாவரம் சந்தையில் இதே செடியை எண்பது ரூபாய்க்கு விற்றவர். ஞானம் பிறந்ததும் முதலில் உயர்ந்தது விலைதான்.

"தண்ணீர் வேண்டாம், பால் ஊற்றுங்கள்" என்றார். ஊற்றினார்கள். எறும்பு வந்தது, மாவுப்பூச்சி வந்தது. "கண்ணேறு முட்டை போட்டிருக்கிறது" என்றார். முட்டைக்குத் தனிப் பூஜை, தனித் தட்சிணை. செடிக்கு வேண்டியது வெயிலும் அளவான தண்ணீரும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒருநாள் காலனிச் செயலாளர் ராஜகோபால் கேட்டார்: "சுவாமி, பதினொரு மணிக்கே பூ சிவக்க ஆரம்பிக்குதே?"

சித்தர் கண்ணை மூடினார். பதினொரு மணிக்கு வருவது யார்? கோவளத்து மீன்காரி பாப்பா. தீர்ந்தது கதை! கொள்ளிக்கண் என்று முத்திரை குத்தி, அவளுக்கு கேட்டைச் சாத்தினார்கள். பதினெட்டு வருஷம் அவள் மீனைத் தின்று வளர்ந்த பிள்ளைகள்கூட அவளைக் கண்டதும் உள்ளே ஓடின.

பாப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார் இது? இந்த நாப்பது வூட்ட நம்பித்தான் என் வூட்ல உலை கொதிக்குது. நான் பாத்தா பூ செவக்குதா?"

"சித்தரே சொல்றார் பாப்பா, நான் என்ன பண்றது?" என்றார் ராஜகோபால்.

"அப்ப டெஸ்ட்டு வச்சிரலாம். ரெண்டு பூ பறி. ஒண்ண உன் பூஜை ரூம்ல பூட்டிக்கோ. ஒண்ணு என் பொட்டில கெடக்கட்டும். நாள் பூரா நான் கண்ணு வைக்கிறேன்."

சித்தர் சிரித்தார். "கருகியே போயிடும்!"

ஞாயிறு காலை ஏழு மணி. ஒரு வெள்ளைப் பூ பூஜை அறைக்குள் போனது. சாவி செயலாளர் இடுப்பில். இன்னொன்று பிளாஸ்டிக் கவரில், பாப்பாவின் ஐஸ் பெட்டியில். அவள் கேட்டருகே உட்கார்ந்து, மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து, பத்துப் பேர் பார்க்க அதை முறைத்தாள்.

மாலை ஐந்து. பூஜை அறையைத் திறந்தார்கள். பூ செக்கச்செவேல். பெட்டியைத் திறந்தார்கள். பூ வெள்ளைவெளேர்.

"உன் ரூம்ல சாமி படம் மட்டும்தானே சார் இருந்திச்சி? அதுங்களுக்கா கொள்ளிக்கண்ணு?" என்றாள் பாப்பா.

காரணத்தையும் அவளே சொன்னாள்: "மீனு வெயில்ல கெடந்தா நெறம் மாறும், ஐஸ்ல கெடந்தா அப்டியே கீது. பூவும் அப்டித்தான்னு தோணிச்சி. சூடு ஏற ஏற செவக்கிறது இந்தச் செடியோட கொணம். செடி விக்கிற ஆளுக்கு இது தெரியாதா?"

சித்தருக்கு வண்டலூரில் அவசரப் பூஜை ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரை மறித்தார்கள். எண்பது ரூபாய் என்ற உண்மை அவர் வாயாலேயே வெளிவந்தது. கேட் திறந்தது.

ராஜகோபால் பாப்பாவிடம் நெருங்கி, பயபக்தியோடு கைகட்டி நின்றார்.

"பாப்பாம்மா, உங்க ஐஸ்ல ஏதோ சக்தி இருக்கு. பூஜைக்கு ரெண்டு கட்டி கிடைக்குமா?"

பாப்பா பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"உனக்கு எதுக்கு சார் ஐஸு? மூளைய இத்தினி வருஷமா ஐஸ்லதானே வச்சினுகீற! மொதல்ல அத்த வெளில எட்த்து கொஞ்சம் வெயில்ல வையி."