இன்றியமையாத கேப்டன்

நாட்டைக் காப்பவர்கள் இரண்டு வகை. வருஷம் முழுக்க எல்லையில் நின்று காப்பவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு அது வேலை. பாவம், வேறு என்ன செய்வார்கள்? மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. சிரமம் இவர்களுக்குத்தான் அதிகம். எல்லையில் நிற்பவனுக்கு எதிரி ஒருவன்தான். ரிசர்வ் படைக்காரருக்கோ ஆபீஸ் முழுக்க எதிரிகள்.

நம் கேப்டன் இந்த இரண்டாவது வகையின் மாணிக்கம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாவற்றையும் வெளுத்துக் கொடுக்கும் ஒரு நீராவிச் சலவை நிலையத்தில் பத்து வருஷம் மேற்பார்வையாளராக இருந்தார். ஒரு நாய்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரிசர்வ் படையில் சேர்ந்தார். முதல் பயிற்சி முடிந்த திங்கட்கிழமை, "உடுப்பு மாத்தக்கூட நேரமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டு சீருடையிலேயே வந்து நின்றார். பயிற்சி ஞாயிறு மதியமே முடிந்துவிட்டது என்பதும், அந்தச் சீருடை நிலையத்திலேயே வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்க்கப்பட்டது என்பதும் ராணுவ ரகசியங்கள். முதலாளியம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆறே மாதத்தில் மனிதர் துணை மேலாளர்.

படையில் அவர் கேப்டன் இல்லை. அதற்கு இன்னும் நாலைந்து படி பாக்கி. ஆபீஸில் கேப்டன், அது போதாதா? அவர் தலையெடுத்த பிறகு கூட்டங்கள் 'கள ஆய்வு' ஆயின. டீ இடைவேளை 'தளவாட நிறுத்தம்' ஆனது. கறை போகாத விரிப்புக்கு 'வீழாத இலக்கு' என்று பெயர் வைத்தார். கறை என்னவோ பழையபடி சோப்புக்குத்தான் போயிற்று.

தோளில் அடுத்த பட்டை ஏற ஒரு நிபந்தனை இருந்தது. புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துவிட வேண்டும். கேப்டன் கீழே பாய்லர் அறைக்கு இறங்கிப் போனார். நிலையத்துக்கே நீராவி கொடுக்கும் பாய்லர்காரர் அங்கே தனியாக இருப்பார். 'முடியாது' என்று சொல்லிப் பழகாதவர்.

"மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமைதான்பா. சும்மா போயிட்டு வர்றது."

"சண்டைக்குக் கூப்பிட்டா சார்?"

"கூப்பிட்டா நான் முன்னாடி நிப்பேன். நீ என் முதுகைப் பாத்துக்கிட்டே வா."

பாய்லர்காரர் சேர்ந்தார். கேப்டனின் பையையும் தூக்கிக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனார். துப்பாக்கிப் பயிற்சியில் அவர் சுட்ட பத்தில் ஒன்பது நடுப்புள்ளியில் பட்டது. கேப்டன் சுட்ட பத்தும் எங்கே போயின என்று இன்றுவரை தகவல் இல்லை. காற்று சரியில்லை என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார்.

இப்படி நாடு பத்திரமாக இருந்த காலத்தில், எல்லையில் புகைச்சல் கிளம்பியது. ஒரே தபாலில் இரண்டு உறைகள் வந்தன. கேப்டனுக்கு ஒன்று, பாய்லர்காரருக்கு ஒன்று. பத்து நாளில் முகாமுக்கு வர வேண்டும்.

கேப்டன் உறையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். தேசபக்திதான், வேறென்ன? மாதக் கடைசியில் பொது மேலாளர் ஓய்வு பெறுகிறார். போனால் அந்த நாற்காலி போய்விடும். போகாவிட்டால் இத்தனை நாள் கஞ்சி போட்ட மானம் போய்விடும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அரசாங்கம் கருணை உள்ளது. ஒரு நிறுவனம் ஒரே ஒருவரை மட்டும் 'இன்றியமையாதவர்' என்று எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். அதற்கொரு படிவம். அதில் ஒரு கேள்வி: 'இவர் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலைகள் யாவை? நேரத்துடன் விவரிக்கவும்.'

கேப்டன் அந்தக் கேள்வியின் முன் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியிடம் கேட்டார்.

"நான் இல்லாட்டி எதெல்லாம் நின்னு போகும்?"

"அக்கம்பக்கத்துல நீங்க அளக்குற பேச்சு நிக்கும்."

"நான் ஆபீஸைப் பத்திக் கேட்டேன்."

"அங்கயும் அதேதான்," என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கேப்டன் தாளும் பேனாவுமாக மறுபடியும் பாய்லர் அறைக்கு இறங்கினார்.

"உன் வேலை விவரம் கேக்குறாங்கப்பா. ஒண்ணு விடாம சொல்லு."

பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நாலரைக்கு வந்ததும் கண்ணாடிக் குழாய்ல தண்ணி மட்டம் பாப்பேன் சார். பாதிக்குக் கீழ இருந்தா பத்த வைக்கக் கூடாது. ஆறுக்குள்ள ஊசி ஏழுல வந்து நிக்கணும்."

"ஏழுன்னா மணியா?"

"அழுத்தம் சார். ஏழு தாண்டினா ஆபத்து, குறைஞ்சா துணி வேகாது. மணிக்கொரு தரம் வால்வு பாக்கணும். லைசென்ஸ் இங்க என்கிட்ட மட்டும்தான் இருக்கு. நான் இல்லாம நெருப்பு வைக்கக் கூடாது, சட்டம். நின்னா ஆறு ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகாது."

"அருமை! மெதுவா சொல்லு. லைசென்ஸ் நம்பர் என்ன?"

பாய்லர்காரர் நம்பரையும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்காகவா சார் இவ்வளவு எழுதுறீங்க? என் சம்சாரத்துக்கு இந்த மாசக் கடைசியில பிரசவத்துக்கு நாள் குறிச்சிருக்காங்க. துணைக்குன்னு யாருமே இல்ல. என்ன செய்யப் போறோம்னு கலங்கிப் போயிருந்தோம்."

"நமக்காகத்தான்பா," என்றார் கேப்டன், அவர் தோளைத் தட்டி.

படிவத்தின் தலைப்பில் பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. மாடிப்படி ஏறும்போது அதைத் தன் பெயரால் நிரப்பினார். கேப்டன் நீட்டுகிற தாளைப் படித்துப் பார்ப்பது தேசத்துக்குச் செய்யும் அவமரியாதை என்று நம்பிய முதலாளியம்மா, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் பாய்லர்காரர் மாடிக்கு ஓடி வந்தார். "என்னைக் கிளம்பச் சொல்லிட்டாங்களே சார்!"

"மேலிடத்துல ஒத்துக்கலப்பா. எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்."

"நீங்க வர்றீங்கல்ல?"

"எனக்கு உள்நாட்டுப் பணின்னு போட்டுட்டாங்க. எனக்கும் வருத்தம்தான்."

வழியனுப்பு விழா சிறப்பாக நடந்தது. போகிறவர் பழைய சட்டையில் நின்றார். போகாதவர் முழுச் சீருடையில் முக்கால் மணி நேரம் பேசினார். போர்க்காலத்தில் தலைமை உறுதியாக இருக்க வேண்டும் என்று, அதே மேடையில் முதலாளியம்மா அவரைப் பொது மேலாளர் ஆக்கினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை பாய்லர் சில்லென்று இருந்தது.

ஊரிலிருந்த மற்ற இரண்டு லைசென்ஸ்காரர்களையும் படை ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டுவிட்டது. முதலாளியம்மா, எங்கள் பாய்லர்காரரைத் திருப்பி அனுப்புங்கள் என்று படைக்கு அவசரக் கடிதம் போட்டார். மூன்றே நாளில் பதில் வந்தது: 'தங்கள் பாய்லரை இயக்குபவர் தங்களிடமே விடப்பட்டுள்ளார். படிவத்தின் நகல் இணைப்பு.'

முதலாளியம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் படிவத்தைப் படித்தார். படித்துவிட்டு, "கீழ போங்க," என்றார்.

கேப்டன் பாய்லர் அறைக்குப் போனார். கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். ஊசியைப் பார்த்து அதட்டினார். ஊசி படைக்கு உட்பட்டதல்ல, அசையவில்லை. மேலே அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக ஜன்னல் உயரத்துக்கு ஏறின.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தலைவர் என்ன செய்வார்? மன உறுதியை வளர்ப்பார். பாய்லர்காரரின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகத் தெரிந்தது. 'வீரர் குடும்ப நலம் காணல்' என்று ஒரு நிகழ்ச்சி வகுத்து, பழக்கூடையும் புகைப்படக்காரரும் புடைசூழ, சீருடையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். படம் மேலே போனால் முதலாளியம்மாவின் கோபம் ஆறும் என்பது கணக்கு.

பிரசவ வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஒன்றிலும் விரிப்பு இல்லை. வெறும் ரெக்ஸின் மெத்தைமேல் தன் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டு அவள் படுத்திருந்தாள். ஐந்து நாள் குழந்தையும் அதே சேலையின் முந்தானையில் சுருண்டு கிடந்தது. கேப்டன் பழக்கூடையை நீட்டினார்.

"சார், கொஞ்சம் சிரிங்க," என்றார் புகைப்படக்காரர்.

கேப்டன் சிரித்தார். அவள் கூடையை வாங்கவில்லை. மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்டது.

"நேத்து அவரு முகாம்லருந்து பேசினாரு சார். நீங்க எழுதின தாளை அங்க காட்டினாங்களாம். தண்ணி மட்டம், ஊசி, வால்வு, லைசென்ஸ் நம்பர், எல்லாம் அவரு சொன்னபடியே இருக்காம். அவரு போனா ஆஸ்பத்திரிக்கு விரிப்பு வராதுங்கறதுகூட அப்படியே பலிச்சிருச்சு. பேரை மட்டும்தான் மாத்திட்டீங்களாம்."