நரி கேட்ட நகல்

ஒரு காட்டில், அதாவது மரங்களெல்லாம் போனபிறகும் கோப்பில் காடு என்றே இருந்துவரும் ஓர் இடத்தில், கோதண்டம் என்ற நரி இருந்தது. நரி என்றால் தந்திரம் என்று நாம் எல்லோரும் சிறுவயதில் படித்திருக்கிறோம். கோதண்டமும் படித்திருந்தது. தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பியும் விட்டது. அதனால் வந்த வினைதான் இந்தக் கதை.

கோதண்டத்துக்கு மூன்று கால்கள். நான்காவது காலைப் பொறி ஒன்று கொண்டுபோயிற்று. யாரோ ஒளித்துவைத்த பொறியில் தெரியாமல் மாட்டியிருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொறியை முதலில் கண்டுபிடித்ததே கோதண்டம்தான். முயல்களையும் மான்களையும் கூட்டிவைத்து, "இதுதான் பொறி. நல்லாப் பாத்துக்குங்க. இது பக்கத்துல யாரும் வரக் கூடாது" என்று வெகுநேரம் பேசியது. பேச்சு பிரமாதமாக அமைந்துவிட்டது. கூட்டம் ஆரவாரம் செய்ததும், அடக்கமாக ஓரடி பின்னால் எடுத்து வைத்தது.

அதைப் பற்றி யார் விசாரித்தாலும், "செய்முறை விளக்கம் கொஞ்சம் நீண்டுபோச்சு" என்று சொல்லிக் கோதண்டமே முதலில் சிரித்துவிடும். பிறர் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிடுவது என்பது அது புதிதாகக் கற்றுக்கொண்ட தந்திரம். ஆனால் சிரிப்பு வயிற்றை நிரப்பவில்லை. மூன்று காலில் துரத்தினால், முயல்கள் நின்று நலம் விசாரித்துவிட்டு ஓடின. மனைவி வேதவல்லி நிறைமாத வயிற்றோடு ஓடி ஓடி இரண்டு பேருக்கும் இரை தேடியது. குட்டிகள் பிறந்துவிட்டால் வேதவல்லியாலும் வளையை விட்டு நகர முடியாது. அதை நினைத்தபோது மட்டும் கோதண்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

அந்தக் காட்டில் 'வாசல் பங்கு' என்று ஒரு திட்டம் உண்டு. ஓடி இரை தேட முடியாத பிராணிகளுக்கு அரசாங்கமே தினம் ஒரு பங்கைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைக்கும். கோதண்டம் மனுப் போட்டது. மருத்துவக் குழு கூப்பிட்டு நிற்கவைத்துப் பார்த்தது. பிறகு பதில் வந்தது: "தங்கள் குறைபாடு இருபத்தைந்து சதவீதம். தகுதி பெற நாற்பது சதவீதம் தேவை. மனு நிராகரிக்கப்படுகிறது."

குளத்தங்கரைக் கொக்கு குஞ்சிதபாதத்துக்கு ஐம்பது சதவீதம் போட்டு, பங்கும் ஒழுங்காக வருகிறது என்ற செய்தி அன்றைக்கே காதில் விழுந்தது.

"கொக்குக்கு ரெண்டு கால். அதுல ஒண்ணு இல்லைன்னா பாதி. உங்களுக்கு நாலுல ஒண்ணு. கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்றது வேதவல்லி.

"கணக்கு சரிதான். ஆனா என்னால ஓட முடியலையே! ஓட முடியுதான்னு ஒருத்தராவது பாத்தாங்களா? காலை எண்ணச் சொல்லி எந்த விதியில போட்டிருக்கு? அந்த விதியோட நகலைக் குடுங்கன்னு கேக்கப் போறேன். தகவல் கேக்கற உரிமை எல்லா மிருகத்துக்கும் உண்டு, தெரியுமா?"

"கேட்டா என்ன ஆகும்?"

"ஆடிப்போயிடுவாங்க."

ஒரு நரி நகல் கேட்டால் அரசாங்கம் ஆடிப்போகும் என்று கோதண்டம் மனதார நம்பியது. இரண்டு நாள் உட்கார்ந்து மனுவை எழுதியது. அ, ஆ, இ என்று உட்பிரிவெல்லாம் போட்டது. எழுதியதைத் தானே மூன்று முறை படித்துப் பார்த்து, 'என்ன நடை!' என்று மெச்சிக்கொண்டது.

தகவல் அலுவலகம் ஆலமரப் பொந்தில் இருந்தது. பொதுத் தகவல் அலுவலர் ஆவுடையப்பன் ஓர் ஆந்தை. அலுவலக நேரமோ காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. ஆந்தையைத் தேடிப் பிடித்துப் பகல் வேலையில் போட்டவருக்குத்தான் உண்மையான நரிப்புத்தி. வரிசையில் கோதண்டத்துக்கு முன்னால் ஓர் ஆமை நின்றது. அதன் வேலை முடிந்தும்கூட அது வழியை விட்டு விலக மதியமாகிவிட்டது.

ஆவுடையப்பன் தூங்கிக்கொண்டிருந்தது. மனுவோடு கட்டணமாக ஓர் எலி வைக்க வேண்டும். எலியின் வாசம் பட்டதும் ஒரு கண் திறந்தது.

"இரை தேட முடியலைன்னு சொல்றீங்க. எலி புடிச்சுக் கொண்டாந்திருக்கீங்களே?"

"என் சம்சாரம் புடிச்சது சார்."

"அப்ப சம்சாரம் கையெழுத்துப் போடணும். சரி, போகட்டும். இதென்ன, ஏழாவது கேள்வியில 'ஏன்'னு போட்டிருக்கீங்க?"

"ஏன் காலை எண்ணுறாங்கன்னு..."

"'ஏன்'ங்கறது தகவல் இல்ல, கோதண்டம். அது கருத்து. கோப்புல இருக்கறதைத்தான் நாங்க குடுக்க முடியும். 'ஏன்' எந்தக் கோப்புலயும் கிடையாது." ஆவுடையப்பன் அந்தக் கேள்வியை மட்டும் நகத்தால் கிழித்துப் போட்டுவிட்டு, எலியை விழுங்கி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. 'ஆடிப்போவது இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது' என்று கோதண்டம் தன்னைத் தேற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தது.

நகல் வந்தது. உண்மையாகவே வந்தது! முத்திரை குத்தி, உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டு வந்தது. அதில் இருந்த விதி இதுதான்: "பிராணியின் உடம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகளை எண்ணி, அவற்றில் இல்லாமல் போனதைச் சதவீதமாகக் கணக்கிட வேண்டும்." அதன் அடியில் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். "நகல் எடுக்கும்போது, தங்கள் வால் எண்ணப்படாமல் விடுபட்டது தெரியவந்தது. ஐந்தில் ஒன்று என்ற கணக்கில் தங்கள் குறைபாடு இருபது சதவீதமாகத் திருத்தப்படுகிறது. கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு நன்றி."

வேதவல்லி நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கேக்காம இருந்திருந்தா இருபத்தஞ்சாவது இருந்திருக்கும்" என்றது.

"இப்பத்தான் அவங்க வகையா மாட்டியிருக்காங்க. மேல்முறையீட்டுல கிழிச்சுத் தொங்கவிடறேன் பாரு."

இந்த முறை கோதண்டம் கிண்டலாக எழுதுவது என்று முடிவு செய்தது. கிண்டலில் தன்னை அடிக்க ஆளில்லை என்பது அதன் எண்ணம். "வாலால் முயல் பிடித்த நரியை அலுவலர் எங்கே பார்த்தார்? வாலை எண்ணினால் என் இரண்டு காதுகளையும் எண்ண வேண்டியதுதானே?" என்று எழுதி, கேள்விக்குறியைக்கூட அழுத்தி வைத்தது.

அரசாங்கத்துக்கு எது வேண்டுமானாலும் புரியும். கிண்டல் மட்டும் புரியாது. பதில் வந்தது: "மனுதாரரின் ஆலோசனை ஏற்கப்பட்டது. காதுகள் சேர்க்கப்பட்டன. ஏழில் ஒன்று. குறைபாடு பதினான்கு சதவீதம்."

அன்றைக்கு வேதவல்லி பதிலைப் படித்துவிட்டு மடித்து வைத்தது. வளையின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கியது. அது திட்டியிருந்தால் கோதண்டத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன் வாயை நினைத்து அதற்கே வெட்கமாக இருந்தது. போன காலும் இந்த வாயால் போனதுதானே!

கடைசி விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. விசாரிக்க உட்கார்ந்திருந்தது வைரவன் என்ற முள்ளம்பன்றி. கோதண்டம் இம்முறை கிண்டல் பேசவில்லை. "ஐயா, வீட்ல குட்டிங்க பொறக்கப் போகுது. என்னால ஓட முடியல. அவ்வளவுதான் ஐயா" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. வாழ்க்கையில் அது பேசிய நல்ல பேச்சு அதுதான். அத்தோடு வெளியே வந்திருக்கலாம்.

வைரவன் தன் முதுகைச் சிலிர்த்துக் காட்டியது. "என்னைப் பாருங்க. உடம்பு பூரா முள்ளு. அத்தனையும் வெளியதான் நீட்டிட்டு இருக்கு. எனக்கு நாலு காலும் போனாக்கூட ஒரு சதவீதம் தேறாது. நான் போய் யார்கிட்டயாவது நகல் கேட்டேனா?"

கோதண்டத்துக்கு உச்சிவரை கோபம் ஏறியது. "அப்ப என் மீசையையும் எண்ணிக்குங்களேன் ஐயா! அதுவும் நீட்டிட்டுத்தானே இருக்கு!"

வைரவன் பேனாவை எடுத்தது. "நல்ல பாயிண்ட். கொஞ்சம் வெளிச்சத்துல வந்து நில்லுங்க."

எண்ணினார்கள். மீசை முடி, கண்ணுக்கு மேல் நீண்ட முடி, தாடைக்குக் கீழே நின்ற முடி எல்லாவற்றையும் எண்ணினார்கள். குறைபாடு ஒற்றை இலக்கத்துக்கு வந்து, அப்புறம் அதற்கும் கீழே போய்விட்டது. "நடைமுறையில் குறைபாடு ஏதுமில்லை" என்று தீர்ப்பாயிற்று. முழு உடல்தகுதி உள்ள, எழுதப் படிக்கவும் தெரிந்த பிராணி என்பதால், வாசல் பங்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குக் கோதண்டத்தையே நியமித்து அங்கேயே ஆணையும் பிறந்தது. கௌரவப் பணி. அதாவது கூலி கிடையாது. மறுத்தால் குற்றம்.

கோதண்டம் வீடு திரும்பியபோது குட்டிகள் பிறந்திருந்தன. நான்கு. ஒவ்வொன்றுக்கும் நான்கு கால். கோதண்டம் அவசரமாக எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணியதற்காகத் தன்னையே நொந்துகொண்டது. "நரி குலத்துலயே தன் காலைத் தானே பேசித் தொலைச்சு, மிச்சம் இருந்த மூணையும் பேசியே நாலாக்கினவன் நான்தான்" என்றது. வேதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் மூடித் திறந்தது.

மறுநாள் காலை கோதண்டம் வேலையில் சேர்ந்தது. பங்குக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு போக வேண்டும். பங்கை நிறுத்துத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் தெரிந்துவிடும். மூக்குக்கு நேரே மீன் வாசம் அடிக்க, கண்ணில் நீர் முட்ட, மூன்று காலில் தத்தித் தத்திக் குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

குஞ்சிதபாதம் கரையில் ஒரு காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது. கூடையைப் பார்த்ததும் விழித்து, இறக்கையை உதறி, வயிற்றுச் சிறகுக்குள் மடக்கி வைத்திருந்த இன்னொரு காலை நிதானமாக இறக்கி ஊன்றிக்கொண்டு நடந்து வந்தது.

இரண்டு கால்! கோதண்டம் கத்தப் பார்த்தது. வாயில் கூடை இருந்ததால் முடியவில்லை. கூடையைக் கீழே வைப்பதற்குள் கொக்கே பேசிவிட்டது.

"என்ன அண்ணே அப்படிப் பாக்கறீங்க? நான் ஒண்ணும் பொய் சொல்லல. மனுவே போடல. அவங்க பாட்டுக்கு வந்தாங்க, எண்ணினாங்க, எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் சும்மா நின்னுட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

கோதண்டத்தின் மனதுக்குள் புதிய மனு ஒன்று தானாகவே உருவாகிவிட்டது. கொக்குகளின் கால்கள் குறித்த அரசாணையின் நகல், எண்ணிய அலுவலரின் பெயர், அ, ஆ, இ. முதல் வரியே அபாரமாக வந்து விழுந்தது. பிறகு யோசித்தது. கேட்டால் கொக்கின் பங்கு நின்றுபோகும். அது தன் குட்டிகளுக்கு வரப்போவதில்லை. அடுத்த நகலில் தன் பல்லை எண்ணுவார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அப்படிச் செய்வது அதற்கு இதுதான் முதல் தடவை என்பதால் தாடை வலித்தது.

கொக்கு கூடைக்குள் எட்டிப் பார்த்தது. "குளத்துல நின்னா எனக்கு மீனு தானா வருது. இது எனக்கு எதுக்கு? நீங்க ஒண்ணும் கேக்காம நிக்கறீங்க பாருங்க, அதான் சொல்றேன். இனிமே தினம் இதை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணே."

கோதண்டம் கூடையோடு வளைக்குள் நுழைந்தபோது, வேதவல்லி தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. "மீனா! நமக்கா? இது எந்த விதியில வந்தது?"

"கேக்காத வேதா" என்றது கோதண்டம். "சாப்பிடு."

இதனால் அறியப்படும் நீதி: கேட்டவருக்கு நகல் கிடைக்கும், கேட்காதவருக்கு மீன் கிடைக்கும். இரண்டும் வேண்டுவோர் அலுவலகத்துக்கு வரும்போது வால், காது, மீசை ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.