பீரங்கி மார்க் ஊறுகாய் வழக்கு

1. காபி கிளப் ஊறுகாயில் காரம் இல்லை என்று ஒருவர் புகார் சொன்னார்.
2. புகார் முறைப்படி விசாரணைக்கு வந்தது.
3. கம்பவுண்டர் பரீட்சை தேறிய நான் சாட்சி சொன்னேன்.
4. அவர் ஜெயித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் சலித்துப் பார்த்தாலும் ஊரே ‘வாய்தா மாமா’ என்று கூப்பிடுபவரைப் போல ஊறுகாயை மதித்த இன்னொருவர் அகப்படமாட்டார். கோம்பைப் பக்கம் ஒரு வரப்புக்காகப் பங்காளியோடு அவருக்கு வழக்கு. நான் பள்ளிக்கூடம் சேருமுன் தொடுத்தது. உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வருவார், வாய்தா வாங்குவார், எதிரே ராவுத்தர் காபி கிளப்பில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார். இத்தனை வருஷத்தில் அவரைக் கூண்டில் ஏற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

கிளப் சுவரில் ஒரு தகரப் பலகை. பீரங்கி வாயிலிருந்து மிளகாய்கள் பறக்கும் படம். கீழே, ‘பீரங்கி மார்க் எலுமிச்சை ஊறுகாய். தொட்டால் கண்ணீர் நிச்சயம்.’

ஒரு நாள் மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றார்.

“ராவுத்தரே, மூணு தடவை தொட்டேன். கண்ணீர் வரல. பலகையை எறக்குங்க.”

“அட, உக்காருங்கண்ணே. ரசம் ஊத்தட்டா?”

“புகாருக்குப் பதில் சொல்லுங்க.”

“அடுத்த வாரம் பாப்பம்ணே.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“நீங்களுமா வாய்தா போடுறீக?” மாமா இலையை மடக்கிவிட்டார். “வரப்புக் கேசு என் காலத்துல முடியாது. இந்த ஒரு கேசாச்சும் தீர்ப்பாகிப் பாக்கணும்யா.”

அதற்கு மேல் ராவுத்தருக்குச் சிரிப்பு வரவில்லை. விசாரணை ஏற்பாடாயிற்று. ஜப்தி உத்தரவு நிறைவேற்றும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கோர்ட்டு அமீனா ஒருவர் தினமும் அங்கே காபி குடிப்பவர், அவர்தான் நீதிபதி. அடுத்த கட்டிடத்து டிஸ்பென்சரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மறுத்திருக்கலாம். ஆனால் கண்ணீரை எப்படி அளப்பது என்று மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டது.

மருந்துத் தராசும் பஞ்சும் எடுத்துப் போனேன். மாமா இரண்டு பெஞ்சுகளை நிமிர்த்திக் கூண்டு கட்டி, உள்ளே விறைப்பாக நின்றிருந்தார். ஊறுகாயை வழித்து வாயில் போட்டார். முகம் சிவந்தது. காது துடித்தது. மூக்கு ஒழுகியது.

“மூக்குத்தண்ணி கணக்குல வராதாய்யா?” என்றார் ராவுத்தர்.

“பலகையில கண்ணீர்னுதான் போட்டிருக்கு” என்றார் அமீனா.

மாமாவின் கண்ணோரம் பஞ்சை ஒற்றித் தராசில் வைத்தேன். முள் அசையவில்லை.

“எடை கூடலைங்க” என்றேன்.

அமீனா தொண்டையைச் செருமினார். “புகார் நிரூபணமாச்சு. வாதி பக்கம் தீர்ப்பு. பலகையை எறக்கு.”

ராவுத்தர் முணுமுணுத்தபடி ஏணி போட்டு ஒரு ஆணியைப் பிடுங்கினார். மாமா மட்டும் அசையவில்லை.

“எம்பக்கமா?”

“ஆமய்யா.”

“இன்னொருக்காச் சொல்லுங்க.”

அமீனா சொன்னார். மாமாவின் தாடை நடுங்கியது. மீசை நனைந்தது.

“வந்துருச்சு!” ஏணி மேலிருந்து ராவுத்தர் கத்தினார். “கண்ணீரு வந்துருச்சு! கம்பவுண்டரம்மா, பஞ்சைப் போடுங்க!”

“இது ஊறுகாய்க் கண்ணீர் இல்லய்யா!”

“எப்ப வரும்னு பலகையில எழுதலயேண்ணே!”

அமீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தீர்ப்பை நிறுத்திவைத்து, மறு விசாரணைக்கு வாய்தா போட்டார்.

இப்போது எனக்குத் தேனியில் வேலை. வாய்தாவுக்கு வாய்தா தராசோடு பஸ் ஏறிப் போகிறேன். மாமா கூண்டில் நிற்பார். அமீனா ஆதியோடந்தமாக விசாரிப்பார். ஒருமுறை, “இன்னைக்கு முடிச்சிரலாமா மாமா?” என்று கேட்டேன்.

“என்ன அவசரம் ஆத்தா?” என்றார், கூண்டுக்குள் நிமிர்ந்துகொண்டு. “இங்கன என்னையக் கூப்பிட்டுக் கேக்குறாகல்ல.”

அன்றிலிருந்து பஞ்சு ஈரம், தராசு சரியில்லை என்று நானே ஏதாவது சொல்லி வாய்தா கேட்கிறேன். தீர்ப்பு வந்துவிட்டால் அவரைப் போய்ப் பார்க்க எனக்கு வேறு காரணம் கிடையாது.

பலகை ஒற்றை ஆணியில் தொங்குகிறது. வழக்கு நிலுவையில் இருக்கிறது.