கொக்கைத் திருப்பிக் காட்டச் சொன்னவர்

ஆரணி வட்டாரத்தில் வானத்தைப் பார்த்து, "இது சாயம் போவும்" என்று சொல்லும் தைரியம் ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. உதிக்கிற சூரியனையே, "ஜரிகை கொஞ்சம் ஜாஸ்தி" என்று தள்ளிவைத்தவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கும். எங்களுக்கு அவர் திருப்பு அண்ணன்.

பட்டுச் சேலைக் கடை ஒன்றில், நெசவாளர்கள் நெய்து கொண்டுவரும் சேலையை விரித்துக் குறை பார்ப்பது அவர் வேலை. சேலையின் முன்பக்கத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவன் வாடிக்கையாளன். பின்பக்கத்தைப் பார்க்கிறவன் வியாபாரி. எங்கே நூல் அறுந்தது, எங்கே முடிச்சுப் போட்டு மறைத்தார்கள் என்கிற சங்கதி எல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். ஆகவே முப்பது வருஷமாக அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை, "திருப்பு."

கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓட்டலில் தோசை வந்தால் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பி, அடியில் பொறித்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சத்தமாக வாசித்தாராம். அப்படியும் அந்தப் பெண் இவரைத்தான் கட்டிக்கொண்டார் என்றால், அந்த அம்மாளின் பொறுமைக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

நான் ஆரணியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊருக்கே பார்வை கொடுக்கிறவன் என்பதால், புகைப்படக் கலையிலும் என் பார்வைதான் உசத்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரி, மலை, வயல் என்று சுற்றிப் படம் எடுக்கும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். எடுத்த படத்தைப் போடுவது, பார்த்தவர்கள் நட்போடு கருத்துச் சொல்வது. அவ்வளவுதான் சட்டம். அட்மின் நான். என் படத்துக்கு எல்லாரும் "அருமை" போட்டார்கள், நானும் எல்லாருக்கும் "அருமை" போட்டேன். சொர்க்கம் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் கண்ணாடி மாற்ற வந்த திருப்பு அண்ணன், "படம் பாக்கறதுன்னா எனக்கு உசுரு சார், என்னையும் சேத்துக்கங்க" என்றார். சேர்த்தேன். என் கடைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தலையிலேயே கை வைப்பார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதலில் மாட்டியவன் மினிலாரி ஓட்டும் பாபு. தேவிகாபுரம் மலைக்கோயிலை மாலை வெயிலில் எடுத்துப் போட்டிருந்தான். நிஜமாகவே நல்ல படம். ஏழெட்டு "அருமை"க்குப் பிறகு திருப்பு அண்ணனின் குரல் பதிவு வந்தது. அவர் எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். சேலைக்குச் சொல்கிற வார்த்தைகள்தான் படத்துக்கும்.

"நல்லா கீது பாபு. பார்டர் ரெண்டு பக்கமும் சரியா வந்துகீது. உடம்பும் சுத்தம். திருப்பு, பாக்கலாம்."

பாபு படத்தைத் தலைகீழாக்கிப் போட்டான்.

"அய்ய, அது இல்லப்பா. நீ எந்த எடத்துல நின்னுகினு எடுத்தியோ அதே எடத்துல அப்டியே முதுகுப்பக்கம் திரும்பி ஒண்ணு எடு. படத்துக்குப் பின்பக்கம் இன்னா இருந்துச்சுன்னு பாக்கணும் இல்ல?"

பாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே தேவிகாபுரம் போய், அதே இடத்தில் நின்று, திரும்பி எடுத்துப் போட்டான். ஒரு நீளமான சுவர். அதில், "இங்கு சிறுநீர் கழிப்பவர் மனிதரல்ல" என்று கொட்டை எழுத்து. அதன் கீழே வரிசையாக நான்கு மனிதரல்லாதவர்கள், முதுகைக் காட்டியபடி. குழுவில் சிரிப்பு அடங்க அரை நாள் ஆயிற்று. மலைக்கோயில் படத்தை இன்று யாருக்கும் நினைவில்லை. சுவரை யாரும் மறக்கவில்லை.

அடுத்து ரேச்சல் டீச்சர். "அடர்ந்த வனத்தில் ஒரு காலை" என்று தலைப்புக் கொடுத்து ஒரு படம் போட்டார். பச்சைப் பசேலென்று இலைகள், நடுவே வெளிச்சம். "நல்லா கீதுமா. திருப்புங்க." டீச்சர் நேர்மையானவர், திருப்பினார். பின்னால் அவர் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையும், வாளியோடு ஒரு ஆயாம்மாவும். அடர்ந்த வனம் என்பது மொத்தம் இரண்டு புங்க மரம். யாரும் கேலி செய்வதற்கு முன்னால் டீச்சரே விழுந்து விழுந்து சிரித்து, "இனிமே எல்லாரும் ரெண்டு பக்கமும் போடணும்" என்று சட்டமே கொண்டுவந்துவிட்டார்.

இதனால் குடும்பங்களில் குழப்பமும் வந்தது. வேலூருக்கு லோடு ஏற்றிப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பாபு ஓர் ஏரிக்கரையில் எடுத்த படத்தின் பின்பக்கத்தில் அவன் லாரியும், பானெட் மேல் பிரித்து வைத்த பிரியாணிப் பொட்டலமும் இருந்தன. அவன் மனைவி அன்றைக்கு மூன்று வேளையும் கஞ்சி ஊற்றினாளாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பு அண்ணனும் எங்களோடு வருவார். கேமரா கிடையாது, போனையும் எடுக்கமாட்டார். எங்களுக்குப் பின்னால் நின்று ஒருவருக்குக் குடை பிடிப்பார், இன்னொருவருக்குச் செருப்பைத் தூக்கிக்கொள்வார், ரோட்டில் வருகிற பைக்கைக் கை காட்டி நிறுத்துவார். "நீங்களும் ஒண்ணு எடுங்கண்ணா" என்றால், "எல்லாரும் எடுத்துகினே இருந்தா யாரு சார் பாக்கறது?" என்பார்.

இப்படியே போயிருக்கும். கொக்கு வந்து கெடுத்தது.

முள்ளிப்பட்டு ஏரியில் நான் எடுத்த படம் அது. பனிமூட்டம், கண்ணாடி போல் தண்ணீர், நடுவில் ஒற்றைக்காலில் ஒரு வெள்ளைக் கொக்கு. என் வாழ்நாளின் சிறந்த படம் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன். "தனிமை" என்று தலைப்பிட்டு, கூடவே நாலு வரி எழுதினேன்: முழங்கால் தண்ணீரில் மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் காத்திருந்ததாக. மூச்சுவிடாமல் என்பதை மட்டுமாவது அடித்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் ரேச்சல் டீச்சர் பாஸ்டரிடம் பேசி, அடுத்த வாரச் சனிக்கிழமை சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடு செய்திருந்தார். "சார், உங்க கொக்குதான் நடுவுல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மாமனார் வீட்டில் என்னை ஒரு மனுஷனாகவே மதித்ததில்லை. அத்தனை பேரையும் வேலூரிலிருந்து வரச் சொல்லிவிட்டேன். அவர்கள் முன்னால் என் பெயர் போட்ட படம் ஒன்று சுவரில் தொங்க வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை.

அன்று மாலை குரல் பதிவு வந்தது. "கொக்கு ரொம்ப நல்லா கீது சார். திருப்புங்க."

பின்பக்கம் எடுக்கவில்லை என்று எழுதினேன்.

"அதுனால இன்னா சார், நான்தான் உங்க பின்னாலயே நின்னுகினு இருந்தேனே, நானே சொல்றேன். பின்னால மீன் கடை. நீங்க பெஞ்சு மேல ஒக்காந்து டீ குடிச்சிகினே எடுத்தீங்க. கடைக்காரம்மா டெய்லி காலைல மீன் குடலை அந்தத் தண்ணிலதான் போடுவாங்க. அந்தக் கொக்குக்கு செல்வின்னு பேரு வெச்சிகிறாங்க சார்! செல்வின்னு கூப்ட்டா வருது. அதான் உங்களப் பாத்து பயப்படவே இல்ல."

அவர் குரலில் துளி விஷமம் இல்லை, என்னைப் பற்றிய சந்தோஷம்தான் இருந்தது. ஆனால் குழுவில் சிரிப்புப் பொம்மைகள் சாரை சாரையாக இறங்கின. பாபு, "செல்வி சௌக்கியமா சார்?" என்று போட்டான். எனக்குக் கண் மண் தெரியவில்லை. அட்மின் என்கிற அதிகாரத்தை வாழ்க்கையில் முதன்முறையாகப் பயன்படுத்தித் திருப்பு அண்ணனைக் குழுவிலிருந்து தூக்கினேன்.

அத்தோடு குழுவுக்குச் சனி பிடித்தது. யாரும் பின்பக்கம் போடவில்லை, முன்பக்கத்தையும் யாரும் பார்க்கவில்லை. பாபுவின் சட்டைப் பையிலிருந்த போன் தானாகவே எடுத்து அனுப்பிய ஒரு கன்னங்கரிய படத்துக்கு ஆறு "அருமை"யும், ஒரு "ஆழமான பார்வை"யும் விழுந்தன. அந்த ஆழமான பார்வை நான் போட்டதுதான். போட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. என் கொக்குக்கு விழுந்த "அருமை"களும் இதே ஆட்கள், இதே விரல்களால் போட்டவைதானே? படம் நல்ல படமா இல்லையா என்று உண்மையாகப் பார்த்துச் சொன்ன ஒரே மனிதரை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

ரேச்சல் டீச்சர் போன் செய்தார். "சார், நீங்க செஞ்சது சின்னப்புள்ளத்தனம். அவர் மறுபடி வராம நான் படம் குடுக்கமாட்டேன். பாபுவும் குடுக்கமாட்டானாம். சனிக்கிழமைக்குள்ள பாருங்க, இல்லன்னா ஹால் வேணாம்னு பாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

போய்க் கூப்பிடலாம்தான். அவர் கடை என் கடையிலிருந்து இரண்டு தெரு. ஆனால் என் கௌரவம் அந்த இரண்டு தெருவைத் தாண்டவிடவில்லை. போய் என்ன சொல்வது? "கொக்கு விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை, அதனால் தூக்கிவிட்டேன்" என்றா? திங்கள் போயிற்று, புதன் போயிற்று. வேலூரிலிருந்து மாமனார் எந்த பஸ்ஸில் வரட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்து அரை மணி நேரம் இருக்கும். கையில் ஒரு பை சாத்துக்குடியோடு திருப்பு அண்ணன் படியேறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்றேன்.

"உடம்பு எப்டி கீது சார்?" என்றார்.

"எனக்கு என்னண்ணா, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பாடா! பத்து நாளா குரூப்ல ஒருத்தரும் ஒரு படம் போடல. பாபு போடல, டீச்சர் போடல. உங்களுக்குத்தான் ஏதாவது உடம்பு முடியாம எல்லாரும் பேஜாரா கீறாங்களோன்னு நெனச்சிட்டேன். கேக்கலாம்னா பேசவும் முடியல. கீழ ஏதோ இங்கிலீஷ்ல ஒரு வரி வந்து குந்திகினு கீது. நெட்டு கோளாறு போல. கொஞ்சம் பாருங்க."

போனை நீட்டினார். நான் அவரை நீக்கிய செய்தி, என் பெயரோடு, பளிச்சென்று இருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆமாண்ணா, நெட்டுதான்" என்றேன். என் போனில் அவரை மறுபடி சேர்த்தேன். ஐந்து நிமிஷத்தில் டீச்சரும் பாபுவும் மற்றவர்களும், பத்து நாளாக அடக்கி வைத்திருந்த படங்களைக் கொட்டித் தீர்த்தார்கள். முன்பக்கம், பின்பக்கம், எல்லாம்.

"தோ, வந்துடுச்சு பாருங்க!" என்று சிரித்தார். கிளம்பும்போது, "கொக்கை நாளைக்கு மாட்டறீங்க இல்ல? நல்ல படம் சார் அது. மீன் கடையையும் ஒண்ணு எடுத்துப் பக்கத்துலயே மாட்டுங்க. செல்வி சும்மா வரல, அந்தம்மா போடறதுனால வருது" என்றார்.

மாட்டினேன். அன்று மத்தியானமே முள்ளிப்பட்டு போய், பெஞ்சிலிருந்து திரும்பி மீன் கடையை எடுத்தேன். கொக்குக்குக் கீழே ஒட்ட எழுதி வைத்திருந்த மூன்று மணி நேர வரியைக் கிழித்துப் போட்டேன். சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. கடைக்கார அம்மாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து இரண்டு படத்துக்கும் நடுவில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் செல்வியின் குணநலன்களை விளக்கினார். என் மாமனார் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றார். "மாப்ள, இதான்யா படம்" என்றார். பதினெட்டு வருஷத்தில் முதல் பாராட்டு.

திருப்பு அண்ணன் தன் கடைக்கு வந்திருந்த பெங்களூர் வியாபாரி ஒருவரை அழைத்து வந்து, படம் படமாகக் காட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது.

"சார், திஸ் ஈஸ் ஃப்ரன்ட் சைட். தட் ஈஸ் பேக் சைட், ஃபிஷ் ஷாப். போத் சேம் பிளேஸ் சார்."

பிறகு அந்த வியாபாரி தன் போனை நீட்ட, அதிலிருந்த நீளமான ஆங்கிலக் கடிதத்தைக் கடகடவென்று வாசித்து, இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னார். வியாபாரி நகர்ந்ததும் பக்கத்தில் போனேன்.

"அண்ணா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"முப்பது வருசமா கடைக்கு வெளியூர் லெட்டரெல்லாம் யாரு எழுதறா சார்? ஓனரா?"

"அப்போ… உங்க போன்ல வந்த அந்த வரி…"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொக்குப் படத்தின் சட்டம் லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக்கினார்.

"நெட்டு கோளாறு சார் அது. விடுங்க. டீச்சர் கூப்புடறாங்க பாருங்க, ஜல்தி போங்க."

தோசையையும் டம்ளரையும் மலையையும் வானத்தையும் விடாமல் திருப்பிப் பார்த்த மனுஷன், என்னை மட்டும் திருப்பாமல் விட்டுவிட்டார். இப்போதெல்லாம் அவர் என் கடைப் படியேறி வந்தால் நான் உட்கார்ந்தபடி பேசுவதில்லை. ஏன் எழுந்திரிக்கிறீங்க, ஒக்காருங்க சார் என்பார். நான் நின்றுகொண்டே இருப்பேன்.